பட்டாக்காரர்

குருவிட்ட டவுனில் நின்று "பட்டாக்காரர் எங்கே?" என்று விசாரித்தால் யாரும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். கிழமையைக் கேட்பார்கள். "இன்னைக்கு என்ன, செவ்வாயா? அப்ப எஹலியகொடப் பக்கம் நிப்பாரு. வியாழன்னா எரத்ன ரோட்டு. பத்தாந் திகதின்னா தேடவே வேணாம், சத்தம் போட்டுக்கிட்டு அவரே வருவாரு."

பட்டா என்றதும் காணிப் பட்டா என்று எண்ணிக்கொள்ளும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு வார்த்தை. 2005இல் இந்தியாவில் டாட்டா ஏஸ் என்று ஒரு சின்ன லொறி வந்தது. உங்கள் ஊரில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். இலங்கையில் அதை டிமோ கம்பெனி விற்றதால் டிமோ பட்டா. சிங்களத்தில் பட்டா என்றால் குள்ளன். ஒரே வண்டிதான், அந்தக் கரையில் யானை, இந்தக் கரையில் குள்ளன். கடல் தாண்டி வந்தால் இப்படித்தான் ஆகும் என்பது எங்கள் பாட்டன்மாருக்கு முன்பே தெரியும்.

பட்டாக்காரர் என்பது ஒரு தனி ரகம். ஏ4 வீதியில் எந்தச் சந்தியிலும் ஒருவரைப் பார்க்கலாம். நான் சொல்வது எங்கள் தோட்டத்து ஆளைப் பற்றி. வயது முப்பத்து நான்கு. அப்பா ரப்பர் பால் வெட்டினார், அம்மா கொழுந்தெடுத்தார். இவர் சாதாரணதரம் முடித்ததும் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார். எட்டு வருடம் மேசை துடைத்துவிட்டு, சீட்டுப் பிடித்த காசோடு திரும்பி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு வண்டி எடுத்தார். அன்று வண்டியில் ஏறியவர் இன்னும் இறங்கவில்லை.

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டு, கட்டிலும் குசினியும் கழிப்பறையும் உள்ள பெரிய வண்டியில் வருடம் முழுக்க ஊர் சுற்றி வாழ்கிறவர்கள் இருக்கிறார்களாம். 2021இல் ஒஸ்கார் வாங்கிய 'நோமட்லாண்ட்' படமே வண்டியில் வாழ்கிறவர்களைப் பற்றித்தான். இதை நான் பட்டாக்காரருக்கு விளக்கியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "வண்டிக்குள்ளயே கக்கூசாண்ணே? பெறகு சாமி படத்த எங்க வைப்பாங்க?"

இவருடைய சாமி படங்கள் டேஷ்போர்டில் இருக்கின்றன. நடுவில் முருகன், இடப் பக்கம் புத்தர், வலப் பக்கம் மாதா. வாடிக்கையாளர் எந்தப் பக்கமாக எட்டிப் பார்த்தாலும் ஒருவராவது தெரிவார். டிரைவருக்குப் பக்கத்து சீட் இஸ்தோப்பு. வந்தவரை அங்கேதான் உட்கார வைப்பார். பின்னால் ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடி அகலம். பகலில் அங்கே பிளாஸ்டிக் வாளி, பாய், நைட்டி, சில்வர் சட்டி. இரவில் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, நைட்டி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுப்பார். குளியல் குரு கங்கையில். சின்ன காஸ் சிலிண்டர் ஒன்று, மண்சட்டி ஒன்று. கருவாட்டுக் குழம்பு வைத்த மறுநாள் நைட்டி வாங்குகிற அக்காமார் முகர்ந்து பார்த்துவிட்டு விலை குறைப்பார்கள்.

"இதுக்குள்ள எப்பிடி தம்பி இருக்கிற?" என்று ஒருநாள் நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். நாங்கள் ஏழு பேர் வளர்ந்த லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. ஆளுக்கு எத்தனை அடி என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்ததும் பேச்சை மழைக்குத் திருப்பினேன்.

தொழிலுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. மார்கழிப் போயாவோடு சிவனொளிபாத மலை சீசன் தொடங்கும். குருவிட்ட, எரத்ன வழியாக ஏறுகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பி, டோர்ச், சூடாகப் பிளேன்டீ. சித்திரைக்குப் பட்டாசு. வெசாக்கோடு மலை சீசன் முடிந்தால் ரம்புட்டான். அதுவும் முடிந்தால் தம்புள்ளைக்குப் போய் வெங்காயமும் பூசணியும். தீபாவளிக்குத் துணிமணி, தவணைக்கு. சூன் பாண் ஓட்டோக்காரர் பீத்தோவன் பாட்டைப் போட்டுக்கொண்டு பாண் விற்பார். நம்மவருக்குப் பாட்டுப் பிடிக்காது. தன் குரலையே பதிவு செய்து, தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை போடுவார். தமிழில் "அக்கா" என்று கெஞ்சுகிற குரல் சிங்களத்தில் "நங்கி", அதாவது தங்கச்சி, என்று குழையும். இந்த வித்தியாசத்தைப் பற்றி லயத்துப் பெண்களுக்கு ஒரு புகார் உண்டு.

பணக் கணக்குதான் சுவாரசியமானது. தோட்டத்தில் சம்பளம் போடுவது பத்தாம் திகதி. லீசிங் கட்ட வேண்டியது ஐந்தாம் திகதி. நடுவில் உள்ள ஐந்து நாளும் பட்டாக்காரருக்கு வனவாசம். போன் ஓஃப். சிக்னல் இல்லாத டிவிஷன் எது, சீஸ் பண்ண வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள் ஏறாத ரோடு எது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பத்தாம் திகதி பின்னேரம் மலையிலிருந்து இறங்கி, தவணைக் காசைச் சேர்த்து, பதினோராம் திகதி காலையில் லீசிங் கந்தோரில் முதல் ஆளாக நிற்பார். தண்டம் சேர்த்துக் கட்டுவார். "ஒழுங்கா கட்டுற ஆள் நான்" என்பார். உண்மைதான், ஒவ்வொரு மாதமும் ஒழுங்காக ஆறு நாள் பிந்தும்.

வண்டிப் புத்தகத்தில் இவர் பெயர் 'பதிவு செய்த உரிமையாளர்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'முழு உரிமையாளர்' என்று இன்னொரு கட்டம். அதில் லீசிங் கம்பெனி. அப்படியானால் உரிமையாளரின் உரிமை என்ன என்று கேட்டேன். "டயர் தேஞ்சா நான் மாத்தணும்ண்ணே."

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அந்தக் காலத்தில்தான் இவருக்கு மதிப்புக் கூடியது. பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. குடியிருக்கக் குடியிருக்க விலை ஏறுகிற வீடு கொழும்பு ஏழில் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தோம். தினமும் யாராவது விலை பேச வருவார்கள். "வித்துட்டு எங்கண்ணே படுக்குறது?" என்று அனுப்பிவிடுவார்.

அவருடைய பொற்காலம் 2022. டீசல் லீட்டர் 460 ரூபாவுக்குப் போன வருடம். அந்த விலைக்கும் கிடைக்காமல், பெற்றோல் ஷெட்டிலிருந்து வரிசை டவுனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. நாடு முழுக்க வண்டியில் குடியேறிய காலம் அது. வங்கி மனேஜர், பாடசாலை அதிபர், வேன் வைத்திருக்கும் மாணிக்க முதலாளி, எல்லாருக்கும் ஸ்டியரிங்தான் தலையணை. இவர்கள் எல்லாம் கழுத்துப் பிடித்து, நுளம்புக் கடியில் எழுந்து நிற்க, பட்டாக்காரர் வலை கட்டி, கால் நீட்டிக் குறட்டை விட்டார். மூன்றாம் நாள் வரிசையே அவரிடம் பாடம் கேட்டது. ஜன்னலை எத்தனை விரல் திறந்து வைப்பது, சட்டையை எந்தக் கண்ணாடியில் காயப்போடுவது, வரிசை நகரும்போது கொதிக்கிற தேத்தண்ணியை என்ன செய்வது. மாணிக்க முதலாளி அவரை "மாத்தயா" என்று கூப்பிட்டார். எரிபொருளுக்குக் கியூஆர் கோட் வந்து வரிசை கரைந்த அன்று பட்டாக்காரர் முகத்தில் பதவி போன அமைச்சரின் களை இருந்தது.

மறுபடி "தம்பி எப்ப செட்டில் ஆகுறது?" தொடங்கிவிட்டது. கேட்பவர்கள் யார் என்று பார்த்தால் நாங்கள்தான். பாட்டன்மார் தோட்டத்துக்கு வந்த கதையை 1823 முதல் கணக்கு வைத்து 'மலையகம் 200' என்று 2023இல் மேடை போட்டவர்கள். இத்தனை தலைமுறையாகக் காம்பரா எங்கள் பெயரில் கிடையாது. ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சைத் தேர்தலுக்குத் தேர்தல் புதுப்பித்துக்கொள்கிறோம். லயத்துக்குக் கடிதம் வந்தால் தோட்டக் கந்தோரில் இறங்கி, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் உண்டு. பட்டாக்காரரின் வண்டிக்கோ நம்பர் இருக்கிறது, சப்ரகமுவ மாகாணம் என்று காட்ட எஸ்ஜி என்று இரண்டு எழுத்தும் இருக்கிறது. அவருக்குச் சாமான் அனுப்புகிற தம்புள்ளை வியாபாரி அந்த நம்பரைத்தான் விலாசமாக எழுதுகிறார். சரியாகப் போய்ச் சேருகிறது.

வண்டியில் வாழும் அமெரிக்கர்கள் விலாசத்துக்குத் தெற்கு டகோட்டா மாநிலத்தை நாடுவார்கள். கடிதம் வாங்கி வைக்க ஒரு நிலையத்தில் பெட்டி எடுத்து, ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டினால் அந்த மாநில ஆளாக லைசன் எடுக்கலாம். நான் இதைச் சொன்னதும் அவர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "ஒரு ராவா?"

"ஒரே ராத்திரிதான்."

"நம்ம ஆளுங்க அங்க எறங்கியிருக்கணும்ண்ணே."

இவருடைய சித்தப்பா குடும்பம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்தப் பக்கம் போய் இப்போது கூடலூரில் இருக்கிறது. அவர்களுக்கும் அங்கே குடியிருக்கும் நிலத்துக்குக் காகிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் சித்தப்பா புலம்பினார்: "இன்னும் பட்டா கெடைக்கலப்பா." இவர் ஆறுதலாகச் சொன்னார்: "எனக்குக் கெடச்சிருச்சு சித்தப்பா. வருசக் கணக்காச்சு." அன்று இரவு கூடலூர் உறவு முழுக்க வாழ்த்துச் சொன்னது. இரண்டு பேர் கடன் கேட்டார்கள்.

பெண் பார்க்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். எஹலியகொடவுக்குப் பக்கத்துத் தோட்டம். பெண்ணுக்கு அவிசாவளையில் சீதாவக்க வலயத்தில் கார்மண்ட் வேலை, போடிங்கில் இருக்கிறாள்.

"மாப்பிள்ள எங்க இருக்காரு?" என்றார் பெண்ணின் தாய்.

"இப்ப எங்க இருக்காருன்னா கேக்குறீங்க, பொதுவாவா?" என்றார் கூட வந்த மாமா. அவர் வாயை யாராவது முன்பே கட்டியிருக்க வேண்டும்.

"பொண்ணு ஏறிப் போனா எங்கதாய்யா எறங்கும்?"

மாமா பெரிய வார்த்தையாகப் பேச நினைத்து, "இல்லம்னு இன்னும் ஒண்ணும் அமையல" என்றார். பெண்ணின் தகப்பன் மாணிக்கக் குழியில் இறங்குகிறவர். எங்கள் பக்கத்தில் கல் கிடக்கும் சரளைப் படைக்குச் சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். மனிதர் முகம் இரக்கத்தில் இளகிவிட்டது. "விடுங்க மச்சான். நானும் பதினெட்டு வருசமா தோண்டுறேன். எனக்கும்தான் சரியான இல்லம் மாட்டல." அதோடு சம்பந்தம் பாதி முடிந்துவிட்டது.

பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இன்னும் எத்தன லீசிங் பிரிமியம் இருக்கு?"

"பதினொண்ணு."

மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள். "அப்ப அடுத்த சித்திரை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது பெண்ணின் தாய் ஒரு தென்னம்பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல காரியம் பேசினால் கொடுக்கிற வழக்கமாம்; வாசலில் நட வேண்டுமாம். பட்டாக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். விற்காமல் கிடந்த ஒரு வாளியில் மண் போட்டு நட்டு, கேபினுக்குப் பின்னால் கயிற்றால் கட்டிவிட்டார்.

அது இப்போது மூன்றாவது ஓலை விட்டிருக்கிறது. தம்புள்ளைக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டது. போன கிழமை ட்ராஃபிக் பொலிஸ் மறித்து, ஓலை வண்டிக்கு வெளியே நீட்டுகிறது என்று சிவப்புத் துணி கட்டச் சொன்னாராம். சரக்கிலிருந்த ஒரு சிவப்பு நைட்டியின் கையைக் கிழித்துக் கட்டியிருக்கிறார். மிச்ச நைட்டியைப் பாதி விலைக்குத் தருவதாக எங்கள் லயத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.