குடும்பத் தலைவர் யார், கையைத் தூக்குங்கள்

2020 மார்ச் 16, திங்கட்கிழமை இரவு. பதவியேற்று பதினைந்தே நாளான பிரதமர் டான் ஸ்ரீ முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி, புதன்கிழமை முதல் நாடே வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார். கூட்டம் கூடாதீர்கள் என்று சொல்லி அவர் வாயை மூடவில்லை, மலேசியா முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் ஊரான ரவாங்கில் அரிசி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். சார்டின் டின்கள் பத்து, மைலோ பெரிய பாக்கெட் இரண்டு. கொரோனா வந்தால் மைலோ எதற்கு என்று கேட்காதீர்கள். முன்னால் நின்றவர் எடுத்தார், நானும் எடுத்தேன்.

மறுநாள் இன்னும் விசேஷம். மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் போலீஸ் நிலையத்தில் பாரம் நிரப்பி அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். கூட்டத்தைத் தவிர்க்கும் அனுமதியை வாங்க மக்கள் போலீஸ் நிலையங்களில் முண்டியடித்தார்கள். அன்று இரவுக்குள் பாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிருமிக்கு மட்டும் எந்தப் பாரமும் தேவைப்படவில்லை.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் தாமானில் யாருக்கும் அவ்வளவு மூச்சு இல்லாததால் மலாய்ப் பெயரைச் சுருக்கி பி.கே.பி. என்றோம். மீறினால் ஆயிரம் வெள்ளி அபராதம். ஆணை வந்தது சரி, அடுத்து விளக்கம் வந்தது. சாமான் வாங்கக் குடும்பத் தலைவர் மட்டும்தான் வெளியே போகலாம் என்றார் அமைச்சர் இஸ்மாயில் சப்ரி.

இங்கேதான் எங்கள் வீட்டில் அரசியல் நெருக்கடி வெடித்தது. அப்பா காலமானதிலிருந்து அந்தப் பதவி காலியாகவே இருந்தது, இடைத்தேர்தல் நடத்தவில்லை. வீட்டுப் பத்திரம் அம்மா பெயரில். சம்பளம் என்னைவிட மனைவிக்கு அதிகம். நள்ளிரவில் தண்ணீர் பம்பு நின்றால் அதைத் தட்டி எழுப்பத் தெரிந்தவள் மகள். என் கைவசம் இருந்தது கார் சாவி ஒன்றுதான். மூவரும் கூடி ஆலோசித்தார்கள். கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னார்: “ரோட்பிளாக்ல நிக்கிற போலீஸ்காரனுக்கு மீசை தெரியணும், அவ்ளோதான். நீயே போய்ட்டு வா.” இப்படித்தான் நான் பதவிக்கு வந்தேன். போட்டியின்றித் தேர்வு.

பேரங்காடியின் காய்கறிப் பக்கம் போனால் ரவாங்கின் தலைவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமில்லாமல் ஆளுக்கொரு கைப்பேசியைக் கீரைக்கு நேரே பிடித்துக்கொண்டு, “இதுவா? இல்லை, பக்கத்தில் இருப்பதா?” என்று மனைவிமாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்டுகளாக எந்தத் தேசிய ஒருமைப்பாட்டு வாரமும் சாதிக்காததை அந்த ஒரு கீரைத் தட்டு சாதித்தது. நான் கொத்தமல்லி என்று டாவுன் சூப் என்ற செலரித் தழையை வாங்கினேன். இஞ்சி என்று லெங்குவாஸ் என்ற அரத்தையை வாங்கினேன். அன்றைய ரசம் தாய்லாந்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “பரவால்ல, கிருமி கிட்ட வராது” என்றார்.

ஏப்ரல் 1 முதல் விதி இறுகியது. காரில் ஒருவர்தான், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான். எங்களை ஆளும் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் அலுவலகம் அந்த வட்டத்துக்கு வெளியே. பத்துமலை முருகனும் வெளியே. ஊராட்சி, கடவுள் இரண்டும் எட்டாத தூரத்தில் நாங்கள் சட்டப்படி வாழ்ந்தோம். வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை என்று சொன்னால் முருகன் கோபித்துக்கொள்வான். ஒரு நல்லது நடந்தது: ரவாங் நெரிசல் தீர்ந்தது. அதற்காகவே நாட்டிலேயே உயரமான தூண்களை நட்டு, 2017இல் ஒரு மாற்றுச் சாலை திறந்தார்கள். அத்தனை சிமெண்டும் செய்யாத வேலையை ஒரு கிருமி செலவில்லாமல் செய்துவிட்டது.

பத்துக் கிலோமீட்டர் விதி வருவதற்கு முந்தின நாள்தான், மார்ச் 31, மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு சுவரொட்டிகளை வெளியிட்டிருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் ஒப்பனை செய்துகொண்டு நன்றாக உடுத்த வேண்டும். கணவனை நச்சரிக்கக் கூடாது. வீட்டு வேலையில் உதவி கேட்கும்போது டோராமோன் குரலில், கொஞ்சம் சிணுங்கிச் சிரித்துக் கேட்கலாம். டோராமோன் என்றால் ஜப்பான் கார்ட்டூனில் வரும் நீலப் பூனை. என் மனைவி இதைப் படித்தபோது மடிக்கணினியில் ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது, மகளுக்குப் பாடம் பாதியில் நின்றிருந்தது, அடுப்பில் குக்கர் நாலாவது விசில் அடித்திருந்தது. 1894இலேயே கே. தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் மின்சாரம் வைத்து ஈயச் சுரங்கத்தில் பம்பு ஓட்டிய ஊர் ரவாங். 2020இல் மூன்று பேருக்கு இணையம் சுற்றிச் சுற்றி வந்தது. “என்னங்க, அந்தக் குக்கரை நிறுத்துங்க” என்று அவள் சொன்ன குரல் எந்தப் பூனையுடையதும் அல்ல. புலி இனத்தில் தேடலாம். ஊரெல்லாம் சிரித்த பிறகு அமைச்சு மன்னிப்புக் கேட்டது.

சுகாதார அமைச்சர் டாக்டர் அடாம் பாபா அதற்கு முன்பே வெந்நீர் குடிக்கச் சொல்லியிருந்தார். கிருமி தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்கிவிடும், அங்கே அமிலம் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அதே அமைச்சர் பிறகு ஒருநாள் 500 நாடுகளோடு காணொளிக் கூட்டம் நடத்தியதாகச் சொன்னார். உலகத்தில் இருப்பதே இருநூறுக்குள். மீதி நாடுகள் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்திருக்கும்.

அம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. ரப்பர் தோட்டத்தில் அவருடைய அம்மாவுக்குக் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்கும்போதே தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் மலேரியாவுக்குக் கொய்னா கொடுப்பாராம். கண்ணெதிரே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துப் போய் ரப்பர் மரத்தடியில் துப்புவதில் பாட்டி கெட்டிக்காரி. “மரத்துக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்ல” என்பார் அம்மா.

காய்ச்சல் காலத்து அரசாங்க யோசனைகளில் சரியாக வந்த ஒன்று கிள்ளானில் இருக்கிறது. 1901இல் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறப்பு விழா கண்டது. திறந்த கையோடு மலேரியா கப்பல்காரர்களையும் கூலிகளையும் சேர்த்துச் சாய்த்தது. புதுத் துறைமுகத்தை மூடிவிடலாமா என்றே பேச்சு எழுந்தது. வாட்சன் யாரையும் வீட்டில் இரு என்று சொல்லவில்லை, யாருக்கும் குரல் பயிற்சி தரவில்லை. சதுப்பை வடியுங்கள், புதரை வெட்டுங்கள் என்றார். இரண்டு ஊரும் சேர்ந்து 1901இல் 582 பேரைப் பறிகொடுத்தன, 1902இல் 144. துண்டறிக்கை அடிக்கிற செலவில் வாய்க்கால் வெட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

அவரையும் தெய்வமாக்கிவிட வேண்டாம். கிள்ளானில் வேலை செய்த வைத்தியத்தை மேட்டு நிலத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழானது. அங்கிருந்த கொசு வேறு ஜாதி, பெயர் மாகுலாட்டஸ். அதற்கு நிழலும் சதுப்பும் பிடிக்காது. வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். காட்டை வெட்டி ஓடையைச் சுத்தமாக்கியபோது அதற்குப் பங்களா கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. வாட்சன் தலையைச் சொறிந்துகொண்டு, பிறகு மண்ணுக்கடியில் குழாய் பதித்தார், எண்ணெய் தெளித்தார். தாழ்நிலத்து ஆலோசனை மேட்டுக்கு ஒத்துவராது என்பது அவருக்குப் பத்தே ஆண்டுகளில் விளங்கிவிட்டது. புத்ராஜெயாவில் இருப்பவர்கள் நூறு ஆண்டு கழித்தும் ‘குடும்பம்’ என்றால் மீசை வைத்த ஒருவரும் ஒப்பனை செய்த ஒருவரும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம் கொஞ்சம் தளர்த்தினார்கள். கடை வாசலில் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று, அதில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுத வேண்டும். கைகளைக் கழுவிவிட்டு, நூலில் கட்டித் தொங்கிய ஒரே பேனாவை ஊரே பிடித்து எழுதினோம். மகள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, எனக்கு முன்னால் ரஜினிகாந்த் இரண்டு முறை மீன் வாங்கிப் போயிருப்பதாகச் சொன்னாள்.

முடிக் கதை தனி. ஏப்ரல் 10 அன்று முடிதிருத்தும் கடைகளைத் திறக்கலாம் என்றார்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று எப்படி முடி வெட்டுவது, கத்திரிக்கோலுக்குக் கம்பு கட்டுவதா என்று நாடே கேட்டது. முடிதிருத்துவோரே, வேண்டாம் சாமி, எங்களுக்கும் உயிர் இருக்கிறது என்றார்கள். சில நாளில் அனுமதி வாபஸ். அதற்குள் என் தலைமுடி காது வரை வந்துவிட்டது. மனைவி கறிவேப்பிலை வெட்டும் கத்திரிக்கோலை எடுத்தாள். பின்னால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மகள் கைப்பேசியில் படம் எடுத்தாள், காட்டவில்லை.

ஜூன் 10இல் கடைகள் திறந்தன. ரவாங் டவுனில் எனக்குப் பழக்கமான அண்ணன் முகக்கவசம், கண்ணாடி, பிளாஸ்டிக் அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி நின்றார். என் பிடரியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“யாரு தம்பி வெட்டினது?”

“வீட்லதாண்ணே.”

“ஆயிரம் வெள்ளி சம்மனை இதுக்குல்ல போட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினார்.