பையைத் திறந்து காட்டவும்

பொது நிர்வாகத்தில் எம்.ஏ. சேரப்போகும் தென்காசித் தம்பி தங்கைகளே, வாழ்த்துகள். "அடுத்து என்ன?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் சித்தப்பாவின் வாயை அடைக்க இதைவிட நல்ல படிப்பு கிடையாது. பிள்ளை கலெக்டர் ஆகப்போகிறது என்று ஊர் நம்பும். முதல் செமஸ்டர் முடியும்வரை நீங்களும் நம்பலாம்.

முதலில் உட்ரோ வில்சன் வருவார். 1887இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில்தான் இந்தத் துறையே பிறந்தது என்பார்கள். அரசியல் வேறு, நிர்வாகம் வேறு என்பது சாரம். இதை நெட்டுருப் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு தாலுகா ஆபீசுக்குள் போய்ப் பாருங்கள். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்திருப்பார், தாசில்தார் நின்றுகொண்டிருப்பார். எந்த ஆட்சி என்று கேட்காதீர்கள். ஒன்றியம் மாறுவார், நாற்காலி அதேதான். வில்சன் அமெரிக்க ஜனாதிபதியாகித் தப்பித்துக்கொண்டார். பட்டா மாறுதலுக்கு அலையும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை.

அடுத்தது போஸ்ட்கார்ப். 1937இல் லூதர் குலிக் கோத்துக் கொடுத்த ஏழு வேலைகளின் முதலெழுத்துக் கதம்பம்: திட்டமிடல், அமைப்பாக்கம், ஆள் நியமனம், நெறிப்படுத்தல், ஒருங்கிணைப்பு, அறிக்கை, வரவு செலவு. பரீட்சையில் நிச்சயம் வரும். இதைப் புரிந்துகொள்ள நூலகம் வேண்டாம், குற்றாலம் போதும். 2024 மே 17 அன்று மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாகப் பழைய குற்றால அருவியில் இறங்கி, பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. தடை வந்தது, போலீஸ் வந்தது, ஆய்வுக்கு அதிகாரிகளின் கார் வந்தது, அறிக்கை வந்தது. எழுத்துகள் வரிசையாக வந்து சேர்ந்தன, பிள்ளை போன பிறகு. ஒருங்கிணைப்பு மட்டும் இன்னும் வழியில் இருக்கிறது. அருவி வனத்துறைக்குச் சொந்தமா பொதுப்பணித்துறைக்குச் சொந்தமா என்ற இழுபறியில் அதற்கு நேரமாகிவிட்டது. குளிக்க வந்தவனைக் காப்பாற்றுவது யார் வேலை என்று கேட்டால் ஒதுங்குகிற துறைகள், நுழைவுக் கட்டணம் என்று பேச்செடுத்தால் மட்டும் ஒன்றை ஒன்று முந்தும்.

ஏழாவது எழுத்தான வரவு செலவுக்குப் பல்கலைக்கழகங்களே செய்முறை வகுப்பு நடத்துகின்றன. அரசியல், பொது நிர்வாகத்துக்கென்றே ஒரு துறை வைத்திருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவி காலியானது. ஆளுநரும் அரசும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அந்த நாற்காலி ஆண்டுக் கணக்கில் தூசி தின்றது. 2024 தொடக்கத்தில், 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று வருமான வரித்துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதக் கணக்கில் சம்பளம் வராமல் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தன் வீட்டு நிர்வாகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டு நமக்கு நிர்வாகம் கற்றுத்தரும் பெருந்தன்மை வேறு எந்தத் தொழிலில் உண்டு?

படித்து முடித்தால்? 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கேட்ட கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. வில்சனையும் குலிக்கையும் கரைத்துக் குடித்தவர்கள் அந்த ஹாலில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்கள்.

சமூக சேவைக்கு வருவோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு, அதுபோக ஏழு நாள் சிறப்பு முகாம். சாரல் சீசன் முடிந்ததும் குற்றாலத்து ஐந்தருவிப் பக்கம் ஒரு பஸ் வந்து நிற்கும். முதலில் பேனர் இறங்கும், பிறகு மைக், பிறகு சிறப்பு விருந்தினர், கடைசியாக மாணவர்கள். புதுக் கையுறையோடு ஆளுக்கு நாலு ஷாம்பு பாக்கெட் பொறுக்குவார்கள். போட்டோ எடுத்ததும் கையுறையும் அங்கேயே விழும். அதையும் சேர்த்து அள்ளப்போவது பேரூராட்சியின் துப்புரவுப் பெண்கள். அவர்களுக்கு 120 மணி நேரம் என்பது இரண்டு வாரம். சான்றிதழ் கிடையாது.

தென்காசிப் பெரிய கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதில் குறை நேர்ந்தால் சரிசெய்பவர்களின் காலில் விழுவதாகக் கல்வெட்டில் சொல்லிவைத்திருக்கிறான். முடி சூடியவன் அப்படி எழுதினான். நம் முகாம்களில் குப்பை அள்ளும் பெண்ணை மேடைப் பக்கம் வராதே என்று விரட்டிவிட்டு, அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

இனி முக்கியமான பாடம். மாக்ஸ் வெபர் அடுக்கதிகாரம் பற்றிச் சொன்னதை வகுப்பில் கோபுரம் போல வரைந்து காட்டுவார்கள். அந்தக் கோபுரத்தில் ஒரு மனு எப்படிப் பயணிக்கிறது என்பதை யாரும் வரைவதில்லை. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் கையில் கொடுக்கிறீர்கள். "உரிய நடவடிக்கைக்கு" என்று அது கோட்டாட்சியருக்கு இறங்கும். அங்கிருந்து தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கடைசியில் கிராம நிர்வாக அலுவலர். அதாவது, யார்மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே வந்து சேரும். அவர் "விசாரித்தேன், உண்மையில்லை" என்று எழுதுவார். அது அதே படியில் ஏறிப்போய் "மனு முடித்துவைக்கப்பட்டது" என்று உங்கள் செல்போனுக்கு வரும். சில மனுக்களுக்கு இந்த மரியாதையும் இல்லை. 2025 ஆகஸ்டில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் திருப்புவனம் பக்கம் வைகையில் மிதந்தன.

காசிதர்மம் தெரியுமா? கடையநல்லூர் வட்டாரத்துச் சின்னக் கிராமம். அங்கிருந்த ஒரு கூலித் தொழிலாளி கந்துவட்டிக் கொடுமை பற்றித் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. அப்போது தென்காசி தனி மாவட்டம் இல்லை. ஒவ்வொரு முறையும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். வாங்கிய கடன் 1.45 லட்சம், கட்டியது 2.34 லட்சம், இன்னும் கொடு என்று மிரட்டல் என்பதே அன்று வந்த செய்தி. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லிருந்தே புத்தகத்தில் இருந்தது. போலீஸ் இருந்தது, கலெக்டர் இருந்தார், வாராவாரம் திங்கட்கிழமையும் தவறாமல் வந்தது. 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் அந்தக் குடும்பம் எரிந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நாலு பேரும் செத்துப்போனார்கள்.

நம் நிர்வாகத்துக்கு வேகம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இந்தச் சாவைப் பற்றிக் கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் போட்டார். முதலமைச்சரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் அதில் வரைந்திருந்தார். ஆட்சியர் தரப்பிலிருந்து புகார் போனது. நவம்பர் 5ஆம் தேதி போலீஸ் சென்னைக்கே போய் அவரைப் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தது. கூலிக்காரனின் மனு மாடிப்படி ஏற முடியாமல் கிடந்த அதே ஆபீசிலிருந்து கிளம்பிய தாள், அறுநூறு கிலோமீட்டர் ஓடியது. வெபர் மேல் பிழையில்லை. மேலிருந்து கீழே வந்தால் கோபுரம் நன்றாகவே வேலை செய்கிறது.

அந்த நாலு உயிரிலிருந்து நிர்வாகம் ஒரு பாடமும் கற்றுக்கொண்டது. எந்த மாவட்டக் கலெக்டர் ஆபீசுக்கு வேண்டுமானாலும் திங்கட்கிழமை போய்ப் பாருங்கள். வாசலிலேயே போலீஸ் மறிக்கும். முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த ஆச்சியிடம் "பையைத் திறந்து காட்டு" என்று சொல்லும். தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்க்கும். தண்ணீர் பாட்டிலையும் விடாது. மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். முந்தின தடவை கொடுத்த மனு ரசீதும் அதே பையில்தான் இருக்கிறது. அது கையில் தட்டுப்பட்டாலும் ஒதுக்கிவிட்டுத் தேடுகிறார்கள்.

2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. வாசல் பக்கத்தில் வந்துவிட்டது, பஸ் காசு மிச்சம். காத்திருப்பு மட்டும் மிச்சமாகவில்லை. புளியரை தாண்டி ஆரியங்காவு போனால் கேரளம். அங்கே 2012இலேயே சேவை உரிமைச் சட்டம் வந்துவிட்டது. சொன்ன நாளுக்குள் வேலையை முடிக்காத அலுவலர் அபராதம் கட்டவேண்டும். பீகாரில்கூட 2011இல் கொண்டுவந்தார்கள். இங்கே அது தேர்தல் அறிக்கையோடு நிற்கிறது. நம் மலையை உடைத்து ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் புளியரை வழியாக அந்தப் பக்கம் போகின்றன. ஒரு சட்டம் இந்தப் பக்கம் வர மட்டும் பெர்மிட் கிடைக்கவில்லை.

ஆகவே வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு கட்டாயக் கேள்வி தருகிறேன். வில்சனை ஓர் ஆண்டு விட்டுப்பிடிக்கலாம். "காசிதர்மத்திலிருந்து வந்த மனுக்கள் எந்தெந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தன? ஒவ்வொரு மேசைக்காரரும் இன்று எந்தப் பதவியில் இருக்கிறார்? இருபது மதிப்பெண்." விடை எந்த கைடிலும் இருக்காது. மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடட்டும், முப்பது நாளில் பதில் தரவேண்டும். அந்த மனுவும் எந்த மேசைக்கு இறங்குகிறது என்று குறித்துவைத்தால் அதற்குத் தனியாக ஐந்து மதிப்பெண் போடலாம்.