உள்ளங்கைக்குக் கேட்ட சத்தம்

1987-ஆம் வருடம் எங்கள் அம்பாசடரின் இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தது. பள்ளத்தில் இறங்கினால் "டொக்". நைனாவுக்குச் சித்தூரில் வெல்ல மண்டி. சங்கடஹர சதுர்த்திதோறும் குடும்பத்தோடு காணிப்பாக்கம் போவோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். அந்தச் சாலையில் பள்ளத்துக்குக் குறைவில்லாத காலம் அது. பாகுதா ஆற்றைத் தாண்டிக் கோயில் வரும்வரை சத்தமும் எங்களோடு வந்தது. நைனா ஓரம் கட்டி, குனிந்து பார்ப்பார். நின்ற வண்டி பேசாது.

கட்டமஞ்சிப் பக்கம் புளியமரத்தடியில் மேஸ்திரியின் ஷெட். நடுவில் ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி. வண்டியை அதன்மேல் நிறுத்தி, கீழே போய் வேலை பார்ப்பார். வருஷக்கணக்கில் டிங்கர் வேலை பார்த்துக் காது மந்தமாகிவிட்டவர். அவரிடம் பேச வேண்டுமானால் பக்கத்தில் போய்க் கத்த வேண்டும். சத்தத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் போனது அவரிடம்தான்.

அவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. நைனாவைக் கேள்வி கேட்டார்.

"எப்பண்ணா வருது? பள்ளத்துலயா, வளைவுலயா, பிரேக்குலயா? நின்ன இடத்துல ஸ்டீயரிங்கைத் திருப்பினா வருதா?"

நைனா எல்லாவற்றுக்கும் "பள்ளத்துல" என்றே சொன்னார். மேஸ்திரி விடவில்லை. "எல்லாப் பள்ளத்துலயுமா? மெதுவாப் போனாலும் வருதா?" என்று மறுபடி ஆரம்பித்தார். அரைமணி நேரம் இதுவே. பிறகு என்னை ஸ்டீயரிங் முன் உட்கார வைத்தார். "தம்பி, அரை இஞ்ச் இந்தப் பக்கம், அரை இஞ்ச் அந்தப் பக்கம். ஆட்டிக்கிட்டே இரு. சத்தம் வந்தா எனக்குச் சைகை காட்டு."

குழிக்குள் இறங்கி ஒவ்வொரு மூட்டின்மேலும் உள்ளங்கையை வைத்தார். ஸ்டீயரிங் எண்ட், இடது, வலது. ஒன்றும் இல்லை. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இருந்தது. என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுபோகும். டிரம் பிரேக் ஷூவோடு கட்டுண்டுவிடும். நிற்கவில்லை. அப்படியென்றால் குற்றம் பேரிங்கில் இல்லை, அதற்கும் உள்பக்கம் இருக்கிற மூட்டில். கீழ் டிரன்னியனில் அவர் கை நின்றது. சத்தம் எனக்குக் கேட்ட நொடியும் அவர் கையில் இடித்த நொடியும் ஒன்று. நான் சைகை காட்டுவதற்கு முன்பே தலையாட்டிவிட்டார்.

அம்பாசடரின் முன்பக்கம் டார்ஷன் பார், ரேக் ஸ்டீயரிங். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அப்படியே வந்தது. சக்கரம் திரும்புகிற முனையில் மரை வெட்டிய டிரன்னியன். கிரீஸ் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பல வருஷம் உழைக்கும். போகாவிட்டால் மரை தேய்ந்து ஆடும். எங்கள் வண்டியில் கிரீஸ் நிப்பிளின் வாயைக் காய்ந்த சேறு அடைத்திருந்தது. மாதாமாதம் கிரீஸ் அடித்தோம் என்று நாங்கள் நம்பியதெல்லாம் வெளியே வழிந்து போயிருக்கிறது.

புது டிரன்னியனுக்கு நைனா பஸ் ஏறி மெட்ராஸ் ஜி.பி. ரோடுக்குப் போனார். போக அரை நாள், கடை கடையாய் ஏறி இறங்க ஒரு நாள், வர அரை நாள். தப்பான சாமானை வாங்கி வந்தால் மறுபடி அவ்வளவு அலைச்சல். அதனால்தான் மேஸ்திரி அரைமணி நேரம் கேள்வி கேட்டார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

காணிப்பாக்கத்துப் பிள்ளையாரின் கதையில் மூன்று சகோதரர்கள் வருகிறார்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை, ஒருவருக்குக் காது இல்லை, ஒருவருக்குப் பேச்சு இல்லை. வற்றிய கிணற்றை ஆழப்படுத்தியபோது கல்லில் பட்டு ரத்தம் கசிய, மூவர் குறையும் நீங்கியது என்பார்கள். சந்நிதியில் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மேஸ்திரி ஞாபகம்தான் வரும். குறையோடு குழிக்குள் இறங்கி, கையால் தடவி உண்மையைக் கண்டெடுத்தவர் அவர்.

இப்போது என்னிடம் 2008 மாடல் ஸ்விஃப்ட். சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போகிற சாலை அகலமாகிவிட்டது. அந்த நாளில் பள்ளம் வண்டியைத் தட்டிச் சொன்னதை இன்று வேகம் சொல்கிறது: 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. போதாததற்கு வேகத்தடைகளில் பழைய "டொக்".

ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "எரர் எதுவும் இல்லை சார்" என்றார்கள். உண்மைதான். சென்சார் இருக்கிற இடத்தைப் பற்றித்தான் ஸ்கேனருக்குத் தெரியும். ரப்பர் புஷ்ஷிலும் பால் ஜாயிண்டிலும் சென்சார் கிடையாது. பிறகு வரிசையாக மாற்றினார்கள்: லிங்க் ராடு இரண்டு, மேல் மவுண்ட் இரண்டு, ஷாக் அப்சார்பர் ஜோடி, லோயர் ஆர்ம் புஷ்கள். கடைசியில் அலைன்மென்ட். சாமான் எதற்கும் யாரும் பஸ் ஏறவில்லை. கேட்ட அன்றைக்கே வந்தது. மூன்று மாதத்தில் சத்தமும் வந்தது. நடுக்கம் ஒரு நாளும் போகவே இல்லை. எப்போது வருகிறது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

அங்கே வேலை செய்கிற பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வண்டிக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்கள் நாம்தான். ஆனால் திருமலை மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஸ்டீயரிங்கை ஒடிக்கிறோம். குழந்தைகள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்டீயரிங் எண்டோ பால் ஜாயிண்டோ கழன்றால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. காரணம் தெரியும்வரை அந்த வண்டியை மலையேற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மேஸ்திரி இன்று இல்லை. மகன் ஷெட்டை நடத்துகிறார். குழி அப்படியே இருக்கிறது. அவரும் முதலில் கேட்டது, "எப்பண்ணா வருது?"

இந்த முறை ஒழுங்காகப் பதில் சொன்னேன். சத்தம் வேகத்தடையில் வருகிறது. பிரேக்கைப் பிடித்து விடும்போதும் ஒரு தட்டு தட்டுகிறது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இல்லை, ஆகவே மேல் மவுண்ட் இல்லை. முழுக்க ஒடித்து ஓட்டினால் கடகடக்கவில்லை, ஆகவே ஆக்ஸில் ஜாயிண்ட் இல்லை. நடுக்கம் 80-க்கும் 95-க்கும் நடுவில். பிரேக் பிடித்தால் கூடுவதில்லை, ஆகவே டிஸ்க் இல்லை.

என் மகள் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து விட்டாள். குழிக்குள் அவர் கடப்பாரையை இடது லோயர் ஆர்முக்குக் கொடுத்து மெல்ல நெம்பினார். "ணா, கையை வைங்க." வைத்தேன். முன்புஷ் உள்ளங்கையில் இடித்தது. மூன்று மாதம் முன்பு போட்ட புதுப் புஷ், கிழிந்திருந்தது.

காரணம் எளிது, அவசரத்தில்தான் தவறுகிறது. புஷ் என்பது இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். உள்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக் கொடுக்கிறது. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பள்ளத்தையும் பார்க்காமலே பாதி ஆயுள் போய்விடும். சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். குழியின் மேல் நிற்கிற வண்டி எப்போதும் அப்படித்தான் நிற்கிறது. பழைய காலத்து வசதிக்குறைவு என்று நான் நினைத்திருந்த குழி, இந்த வேலைக்கு ஏற்ற இடமாக இருந்தது.

நடுக்கத்துக்கு முன்சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங் அமைதியானது, நடுக்கம் சீட்டுக்கு வந்தது. அப்படியானால் குற்றம் சக்கரத்தில். பேலன்ஸிங் மிஷினில் சுற்றியபோது ஒரு ரிம்மின் உள்விளிம்பு நெளிந்திருப்பது தெரிந்தது. அலைன்மென்ட் சக்கரம் பார்க்கிற திசையைச் சரிசெய்யும். நெளிந்த ரிம்மை அது என்ன செய்யும்?

புஷ், ரிம் இரண்டையும் சரிசெய்தபின், போன சதுர்த்திக்குக் காணிப்பாக்கம் போனோம். புது வண்டிகள் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பூஜைக்கு வரிசையில் நின்றன. கோயில் பக்கத்து வேகத்தடையில் கண்ணாடியை இறக்கி, மெதுவாக ஏறி இறங்கினேன். மகள் வண்டியின் தரையில் உள்ளங்கையை வைத்துக் குனிந்திருந்தாள். "ஒண்ணும் இல்லப்பா," என்றாள்.

வலது ஆர்மின் புஷ்ஷும் அதே நாளில் அதே லிஃப்டில் போட்டதுதான். அதில் மயிரிழை வெடிப்பு ஒன்றைக் குழியிலிருந்து பார்த்து வைத்திருக்கிறோம். அடுத்த சதுர்த்திக்குள் அதையும் மாற்ற வேண்டும்.