கருப்பு விட்டாலும் வாசகர் விடார்

தமிழர் நிறைந்த பெங்களூரு நீலசந்திராவில் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் பெயரை எடுத்துப் பாருங்கள். டீ ஆறிவிடும், வழக்கு ஆறாது. 2024 நவம்பரில் அவர் மறைந்த பிறகும் கட்சிகள் கலையவில்லை.

‘பக்தி ஓவர்’ என்பார் பகுத்தறிவு வாசகர். சித்தர், அமானுஷ்யம், காவல் தெய்வம் என்று எழுதினால் பாவம், வேறென்ன சொல்வார்! பக்தருக்கோ நேர்மாறான மனக்குறை: சாமியைக் காட்டிவிட்டு மனோதத்துவத்தை எதற்குக் கூப்பிட வேண்டும்?

இலக்கியவாதி தலையிடுவதில்லை. அவர் படித்ததே இல்லையாம். ஆனால் இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ டிவி தொடரைக் காட்சி காட்சியாகச் சொல்வார்.

அந்தத் தொடரின் ‘விடாது கருப்பு’ பார்த்துவிட்டு இரவில் பாத்ரூமுக்குத் துணை தேடிய 1990களின் பிள்ளைகள்தான் இன்று கறாரான விமர்சகர்கள். ‘இப்போ படிச்சா பயமே வரலியே’ என்று குறை எழுத்தாளர்மேல். தங்களுக்கு நாற்பது தாண்டியது கணக்கில் வராது.