ஏரி பார்த்த வீடு

தி.நகரில் நீங்கள் புடவை விலை பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நூறு வருஷத்துக்கு முன்பு மீன்தான் துள்ளிக்கொண்டிருந்தது. நுங்கம்பாக்கத்தில் தலையை வைத்து, சைதாப்பேட்டைப் பக்கம் காலை நீட்டிப் படுத்திருந்த ஏரி அது. வெள்ளைக்காரன் கண்ணில் அதன் நீளம் மட்டும்தான் பட்டது. ‘லாங் டேங்க்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

1921இல் சென்னையின் ஜனத்தொகை 5 லட்சத்து 26 ஆயிரம். (தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெருவில் நம் காலை மிதிப்பவர்களே அவ்வளவு பேர் இருப்பார்கள்.) இத்தனை பேருக்கு வீடு வேண்டுமே! 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்திருந்தது. மனை மட்டும்தான் பாக்கி. பட்டாதாரரைத் தொட்டால் கோர்ட்டுக்குப் போவார். ஏரிக்கு வக்காலத்து போட யார் இருக்கிறார்கள்? 1923இல் தண்ணீரை வடிக்க ஆரம்பித்தார்கள்.

கரையில் நின்ற கிழவர் யாராவது கேட்டிருப்பார்: “ஏஞ்சாமி, மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்?”

“கால்வாய் இருக்குய்யா, தள்ளி நில்லு.”

நகர் எழும்பும்போதே பெயர் சூட்டும் படலமும் தொடங்கியது. ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. முதல் மரியாதை பிட்டி தியாகராயருக்கு. 1920இல் முதல் மந்திரி பதவி வீடு தேடி வந்தபோது வேண்டாமென்ற மனுஷர். 1925இல் காலமாகிவிட்டதால் நகரை வேண்டாமென்று சொல்ல அவர் இல்லை. நடுவிலிருந்த பூங்கா, முதல் மந்திரி பனகல் ராஜா பெயருக்குப் போனது. உஸ்மானுக்கு ஒரு சாலை, நடேசனுக்கு ஒரு பூங்கா. ஆட்டோவில் ஒரு சுற்று வந்தால் கட்சியின் செயற்குழுக் கூட்டமே முடிந்துவிடும்.

சௌந்தரபாண்டியனாருக்கு ஓர் அங்காடி கிடைத்தது. ஜனங்கள் அவரைச் சுருக்கிப் பாண்டி ஆக்கினார்கள். ‘இல்லை, பாண்டிச்சேரிக்காரர்கள் கடை போட்ட இடம்’ என்று மல்லுக்கட்டவும் ஆள் உண்டு. பின்னாளில் தெருப் பலகைகளில் சாதியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஜி.என். செட்டி சாலையில் செட்டியை மட்டும் இறக்கிவிட்டார்கள். இரண்டு இனிஷியல் நடுத்தெருவில் நின்றது.

2019இல் அதே பாண்டி பஜார் ‘ஸ்மார்ட்’ ஆனது. அகலமான நடைபாதை, உட்காரப் பெஞ்சு, பளபளவென்று விளக்கு. 2021 நவம்பரில் மழை பெய்தது. நடைபாதையில் கிழவரின் கேள்வி முழங்கால் உயரத்துக்கு நின்றது.

எல்லார் பெயரிலும் சாலை இருக்கிறதே, இடம் கொடுத்த ஏரிக்கு? இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. அங்கே வீடு பார்க்கப் போன நண்பர் மொட்டைமாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“லேக் எங்கய்யா?”

தரகர் அசரவில்லை. “ஐப்பசி வரட்டும் சார், வாசலுக்கே வரும்.”