பட்டை ஏத்துன ஜீப்பு

கோயம்புத்தூரில் கூட்டம் சேர்க்க மேளதாளம் தேவையில்லை. வீட்டு வாசலில் ஒரு வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி ஓரமாக உருட்டிவிட்டால் போதும். கால் மணி நேரத்தில் தெருவிலிருக்கும் பாதி ஆண்கள் லுங்கியோடு வந்து கைகட்டி நிற்பார்கள். பம்ப்செட்டும் கிரைண்டரும் மில் சாமானும் செய்து பிழைக்கிற ஊர் இது. ஒருவர் ஃபவுண்டரி வைத்திருப்பார், இன்னொருவர் லேத் ஓட்டியிருப்பார், மூன்றாமவர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து பாதியில் நின்றிருப்பார். இரும்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளை இங்கே நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட ஊரில், கணபதியில், தன் வீட்டு போர்டிகோவிலேயே ஜீப்பை உசத்தப்போவதாக என் மச்சினன் அறிவித்தான். வண்டி ஒரு பழைய மகிந்திரா எம்எம் 540. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் உழைத்து ஓய்ந்தது. 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின், கிளப்பினால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் ஆடும். 1947இல் பம்பாயில் மகிந்திராக்காரர்கள் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்த காலத்துச் சங்கதிதான் இதன் அடியிலும். நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் முறுக்கி, யூ போல்ட் போட்டு ஆக்ஸிலோடு கட்டியிருப்பார்கள். ஒரு முனை சேசிஸில் நேராக மாட்டியிருக்கும். மறுமுனை ஷேக்கிள் என்கிற ஆடும் துண்டில் தொங்கும். பாரம் ஏறினால் பட்டை நிமிர்ந்து நீளும், அது நீளுவதற்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள். அப்பாரு காலத்து வில்வண்டியிலும் பட்டைதான் இருந்தது. என்ன, அதை இழுத்த காளைகளுக்கு எஃப்சி கிடையாது.

"எதுக்கு மாப்ள இன்னும் உசத்தோணும்?" என்றேன்.

"ஆஃப் ரோடு போனா அடியில கல்லு இடிக்குதுங் மாமா."

அவன் ஆஃப் ரோடு என்பது பொள்ளாச்சிப் பக்கம் ஒறம்பரைக்காரர் தென்னந்தோப்பு. நல்ல தார் ரோடு தோப்பு வாசல்வரை வருகிறது. அதை விட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கி ஏறுவான்.

சக்கரம் கழன்றதும் ஆலோசனை சபை கூடியது. முதலில் வாய் திறந்தவர் எதிர்வீட்டுக்காரர். பூர்வீகம் சங்ககிரி, குடும்பமே லாரிக் குடும்பம். "ஏனுங் தம்பி, இதுக்குப் போயி ரோசனை எதுக்குங்? ரெண்டு பட்டை சேத்திப் போடுங், தானா நிமிந்துக்கும்." லாரிக்கு அது சரி. டன் கணக்கில் ஏற்றினால் அந்தப் பட்டை இறங்கும். இந்த ஜீப்பில் ஏறும் பாரம் மச்சினனும் அவன் டிபன் பாக்ஸும். பட்டையின் விறைப்பு எண்ணிக்கையோடு கூடும். ஏழு பட்டை இருக்கிற இடத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு சேர்த்தால் சுமார் 29 சதவீதம் விறைக்கும். தடிமன் அதைவிடப் பொல்லாதது, மும்மடிக் கணக்கில் ஏறும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 7 போட்டால், ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 59 சதவீதம் கூடிவிடும். அப்புறம் ஸ்பிரிங்காக வேலை செய்வது ஓட்டுகிறவனின் முதுகெலும்புதான்.

அடுத்தவர் லேத்காரர். பட்டையைத் தொடவே வேண்டாம், ஷேக்கிளை நீளமாக அடித்து மாட்டினால் போதும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஷேக்கிள் இருப்பது பட்டையின் ஒரு முனையில், ஆக்ஸில் இருப்பது நடுவில். ஷேக்கிளை நாலு அங்குலம் நீட்டினால் வண்டி ஏறுவது இரண்டே அங்குலம். மீதி இரண்டு அங்குலம் எங்கே போனது என்று மச்சினன் அவரை ரொம்ப நேரம் விசாரித்தான். அதோடு விடாது. இந்த ஜீப்பில் முன்பட்டையின் ஷேக்கிள் முன்பக்கம் இருப்பதால், அதை நீட்டினால் ஆக்ஸில் முன்னால் சாய்ந்து காஸ்டர் கோணம் குறையும். ஸ்டியரிங் நேராக நிற்காது. நீலாம்பூர் பைபாஸில் வண்டி தன் போக்கில் பக்கத்து லாரியை விசாரிக்கப் போகும்.

மூன்றாமவர் ரிட்டயரான மில் ஃபிட்டர். மனிதர் விஷயம் தெரிந்தவர், அதனால்தான் ஆபத்தானவர். ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிற பட்டையைத் தூக்கி மேலே வைத்துவிடலாம் என்றார். ஒரே தாவலில் ஐந்து அங்குலம் கிடைக்கும். பதிலுக்கு ஆக்ஸிலில் புது இருக்கை வெல்டிங் வைக்க வேண்டும், ஸ்டியரிங் ராடை மாற்ற வேண்டும், பிரேக் அடித்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும். ஜீப்பின் நீளம் கொஞ்சம், ஆகவே பின்பக்க ஜாயிண்ட் ஷாஃப்ட்டும் குட்டை. ஐந்து அங்குலம் தூக்கினால் அது கூடுதலாகச் சாய்ந்து மூட்டிலிருக்கும் கிராஸைத் தின்றுவிடும். இதையெல்லாம் அவரே சொல்லிவிட்டு, "இருந்தாலும் பண்ணலாமுங்" என்று முடித்தார்.

கடைசியில் வளைவு கூடுதலான புதுப் பட்டை செட் வாங்கி வந்தார்கள். இரண்டு அங்குல உயரம். பெட்டியைப் பிரித்தபோது எல்லோரும் பெண் பார்க்க வந்தவர்கள்போல் நின்றார்கள்.

மாட்டுவது சுலபம், கழற்றுவதுதான் வேலை. எஸ்டேட் மழையில் ஊறிய யூ போல்ட் ஸ்பானருக்கு அசையவில்லை. எண்ணெய் விட்டார்கள், சம்மட்டியால் சமாதானம் பேசினார்கள், குழாயை ஸ்பானரில் சொருகி இரண்டு பேர் தொங்கினார்கள். முடிவில் அறுத்து எறிந்தார்கள். அதுவே முறையும்கூட, கழற்றிய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டக்கூடாது. பழைய அடுக்கில் எத்தனை பட்டை இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் ஆசையில் மச்சினன் சென்டர் போல்ட்டில் கை வைத்தான். ஃபிட்டர் போட்ட சத்தத்தில் காக்கா பறந்தது. கிளாம்ப் போட்டு இறுக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் அடுக்கு வெடித்துத் திறந்து தாடையைப் பெயர்த்துவிடும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

முன்பக்கம் மட்டும் முடிந்த ராத்திரி, ஒரு ரவுண்டு போகலாம் என்று கிளப்பினான். முகப்பு விளக்கு தென்னை மரத்துக் குலைகளுக்கு வெளிச்சம் காட்டியது. பின்பக்கமும் ஏறியபிறகு அது சரியானது. அடுத்து பிரேக் ஹோஸ். ஆக்ஸிலைத் தொங்கவிட்டுப் பார்த்தால் வீணைத் தந்தியாக விறைத்து நின்றது. நீளமான ஹோஸ் வந்தது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தரையில் இறங்கிப் பாரம் விழுந்தபிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் முறுகிக் கிழியும். ஆகவே வண்டியை இறக்கி மறுபடி அடியில் நுழைந்தார்கள். அம்மிச்சி கோயிலுக்குக் கிளம்பி வந்து வண்டியைப் பார்த்தார். "ஏஞ்சாமி, இதுல நானெப்படி ஏறுறது? வில்வண்டிக்காச்சும் பின்னால படி இருந்துச்சு" என்றவர், ஆட்டோ பிடித்துப் போனார்.

எல்லாம் முடிந்து தோப்புக்குப் போனோம். வாய்க்காலில் இறங்கியதும், வழக்கமாக இடிக்கிற அதே கல் அதே இடத்தில் 'டங்' என்று இடித்தது.

இடிக்காமல் என்ன செய்யும்? பட்டை ஏற்றினால் உயர்வது சேசிஸும் பாடியும். ஆக்ஸிலும் அதில் தொங்கும் டிஃபரன்ஷியலும் சக்கரத்தின் மையத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கின்றன? அவற்றை உயர்த்தச் சுலபமான வழி பெரிய டயர்தான். அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது ஒரு அங்குலம். பட்டை ஏற்றுவது, பெரிய டயர் உள்ளே சுற்ற இடம் வேண்டும் என்பதற்காக. மேட்டில் ஏறும்போது பம்பர் முட்டாது என்பதும் உண்மை. மீதியெல்லாம் கெத்து. கெத்துக்கு எத்தனை அங்குலம் வேண்டும் என்று எந்த ஃபிட்டராலும் அளக்க முடியாது.

பெரிய டயர் விலை விசாரிக்கும்போதுதான் சட்டம் தெரிந்த ஒருவர் குறுக்கே வந்தார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தக விவரம் கம்பெனியின் மூல விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், மீறும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். பட்டை, ஷேக்கிள், டயர் என்று கூட்டிக்கொண்டே போனால் ஜீப்பின் விலையே வந்துவிடும்போலிருந்தது. எஃப்சிக்குப் போகும் அன்றைக்கு மட்டும் பழசை மாட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. மாட்டிக் கழற்றியவர்கள் யாரும் அதை ஆமோதிக்கவில்லை.

இதற்குள் ஃபிட்டர், ஓரமாகக் கிடந்த பழைய பட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தார். எஸ்டேட் பாரத்தில் நிமிர்ந்து சப்பையாகிக் கிடந்தது. லாரிப் பட்டை வேலை செய்யும் பட்டறையில் கொடுத்துப் பழைய வளைவை ஏற்றிப் பதம் பார்த்து வாங்கி, புது செட்டைக் கழற்றிவிட்டு, புது புஷ்ஷும் புது யூ போல்ட்டும் போட்டு அதையே மாட்டினார்கள். வண்டி கம்பெனி உயரத்தில் நின்றது. பழைய ஜீப்பை உசத்த நினைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இறங்கிப்போன உயரத்தைத் திரும்ப வாங்குங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

புது செட் போர்டிகோவில் கிடக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருவான். பட்டை நல்ல எஃகு. வண்டிக்கு ஆகாவிட்டாலும் அரிவாள் அடிக்க ஆகும்.