புதுப்பிக்காதே மருமவனே!

வயர்மேன் சர்ட்டிபிகேட்டுக்குத் தேதி முடிஞ்சு போச்சுன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கியே, இதுக்கெல்லாமா கவலப்படுவாங்க? முடிஞ்சா முடிஞ்சிட்டுப் போவுது, விடுலே. கரண்டு என்ன, கம்பிக்குள்ள ஓடுத ஓட்டத்துல செத்த நேரம் நின்னு, "ஏப்பா, உன் சர்ட்டிபிகேட்டுல சீல் இருக்கா"ன்னா கேக்கப்போவுது? அது யாரையும் எதையும் கேக்காது. கேக்காம அடிக்கும். அதுல ஒரு நல்ல குணம் பாத்துக்கோ: சாதி பாக்காது, சொந்தம் பாக்காது, ஒன்றியச் செயலாளர் மச்சினன்னும் பாக்காது.

அதனால என் பேச்சக் கேளு. புதுப்பிக்காதே. கிண்டி தொழிற்பேட்டையில மின் உரிமம் வழங்கும் வாரியம்னு ஒண்ண வச்சுக்கிட்டு இருக்காங்க. அதுக்கு மனு எழுதணும், போட்டோ ஒட்டணும், கட்டணம் கட்டணும். அந்தப் போட்டோவுக்கு நீ முடிவெட்டி, சட்டைய இஸ்திரி போட்டு, வெட்டியா ஒரு நாள் பொழப்பு கெடும். அந்த நேரத்துல ரெண்டு வீட்டுக்கு பேன் மாட்டிட்டு வந்தாலும் காசு.

சட்டம்ங்கியா? சட்டம் உனக்கு எடம் குடுத்துத்தான்லே வச்சிருக்கு. 1956ல போட்ட இந்திய மின்சார விதிகள்ல 45ஆவது விதின்னு ஒண்ணு உண்டு. பல்பு மாத்தலாம், பேன் மாத்தலாம், ப்யூசு போடலாம், சுவிட்ச மாத்தலாம். அதுக்கு எவனும் லைசென்சு காட்ட வேண்டாம். அதத் தாண்டி வயரிங்குல கை வச்சாத்தான் லைசென்சு உள்ள காண்ட்ராக்டர் செய்யணும், தகுதிச் சான்று வாங்கினவரு நேரடியா நின்னு மேற்பார்வ பாக்கணும்னு எழுதியிருக்கு. பொறவு 2010ல ஒரு ஒழுங்குமுறை வந்துது, 2023ல அதுக்குப் பதிலா இன்னொண்ணு வந்துது. பேரும் நம்பரும் மாறிச்சே தவிர சங்கதி மாறல.

'நேரடியா'ங்கதுதான் அதுல ருசியான எடம். நம்ம பக்கத்துல நேரடி மேற்பார்வ எப்பிடி நடக்குன்னு உனக்குத் தெரியாதா? சூப்பர்வைசர் சர்ட்டிபிகேட்டு வச்சிருக்கவரு இங்கேயிருந்து மூணு பஸ்சு மாறிப் போற ஊர்ல இருப்பாரு. அவரு சர்ட்டிபிகேட்டு மட்டும் மாச வாடகைக்கு காண்ட்ராக்டர் பீரோவுல குடியிருக்கும். டெஸ்ட் ரிப்போர்ட்டு கட்டாப் போகும், கையெழுத்து கட்டாத் திரும்பி வரும். பாக்காத வீட்டுக்கு, மிதிக்காத மாடிக்கு, தோண்டாத எர்த்துக் குழிக்கு அவரு ஞானதிருஷ்டியில மேற்பார்வ பாத்திருப்பாரு. பழைய முனிவருங்களுக்குக் கூட இந்தச் சித்தி வாய்ச்சிருக்குமான்னு சந்தேகந்தான்.

வயரோட தோல் நல்லாயிருக்கான்னு சொல்லுத மெக்கரு சமாச்சாரம் இன்னும் விசேஷம். காண்ட்ராக்டர் லைசென்சுக்கு மெக்கரு, எர்த்து டெஸ்டரு, டாங் டெஸ்டரு எல்லாம் சொந்தமா வச்சிருக்கணும். பரிசோதனைக்கு ஆளு வாரான்னா, இருக்க எடத்துலேர்ந்து இரவல் வரும். அந்த மெக்கருக்கு மட்டும் வாயிருந்தா, எந்த ஊருல எந்த காண்ட்ராக்டர் வீட்டுல என்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்லும். ஆனா வயரிங்ல வச்சு ஒரு தடவையாவது உன்னத் திருகினாங்களான்னு கேட்டா தலைய ஆட்டும். 500 வோல்ட்டக் குடுத்துப் பாத்து ஒரு மெகா ஓமுக்குக் கொறையாம காட்டணும்னு ஒரு கணக்கு இருக்காம். அதெல்லாம் எழுதுத எடத்துல 'திருப்தி'ன்னு போட்டா சரியாப் போச்சு. மெக்கரு வேணாம், பேனா போதும்.

நீயும் லேசுப்பட்ட ஆளா? வயர்மேன் உதவியாளர் தேர்வுன்னு வேலைவாய்ப்பு பயிற்சித் துறை வைக்குதே, அதுக்கு இருபத்தொரு வயசு ஆயிருக்கணும், அஞ்சு வருசம் கம்பி இழுத்த அனுபவம் இருக்கணும். நீ இழுத்த, எழுதின, பாசும் ஆனே. அன்னைக்கு உங்கம்மா தெருவெல்லாம் மிட்டாய் குடுத்தா. அதோட படிப்பு முடிஞ்சுதுன்னு நீ புத்தகத்தக் கட்டிப் பரண்ல போட்டே. ரொம்பச் சரி. புதுப்பிக்கும்போதும் பழைய சர்ட்டிபிகேட்டக் கேப்பான், போட்டோவக் கேப்பான், பணத்தக் கேப்பான். இந்த அஞ்சாறு வருசத்துல புதுசா என்னலே படிச்சேன்னு கேப்பானா? கேக்க மாட்டான். கேக்காத கேள்விக்கு எதுக்குப் பதில் தேடணும்?

நம்ம சின்னத்த பேரன் இருக்கான்லா, ஹூஸ்டன்ல. கார் சார்ஜரு மாட்டணும்னு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டிருக்கான். வந்த வண்டியோட ரெண்டு பக்கமும் கம்பெனி பேரும் லைசென்சு நம்பரும் எழுதியிருக்காம். அது அந்த டெக்சாஸ் சீமையில சட்டமாம். இவன் வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே அந்தாளு பேரக் கம்ப்யூட்டர்ல தட்டினா, லைசென்சு உயிரோட இருக்கா செத்துப் போச்சான்னு அரசாங்கமே காட்டுது. கட்டிக் குடுக்கப்போற பொண்ணுக்குக் கூட நம்மூருல இவ்வளவு விசாரிக்க மாட்டானுவ.

அங்க ஜர்னிமேன்னு சொல்லுத ஆளாகணும்னா, பெரிய லைசென்சுக்காரருக்குக் கீழ 8,000 மணி நேரம் வேல பாத்திருக்கணும். அதுக்கு மேல மாஸ்டர் ஆகணும்னா 12,000. சரி, ஆயாச்சு, இனிமேயாவது விடுவானான்னு பாத்தா, வருசா வருசம் லைசென்சப் புதுப்பிக்கணும். அதுக்கு வருசா வருசம் நாலு மணி நேரம் வகுப்புல உக்காரணும். கோடுன்னு அவங்க சொல்லுத வயரிங் விதிப் புத்தகம், அந்த மாநிலத்துச் சட்டம், அடிவாங்காம வேல செய்யித பாதுகாப்பு முறை, மூணையும் படிச்சாகணும். கலிபோர்னியாவுல இன்னும் கொடும: மூணு வருசத்துக்கு 32 மணி நேரமாம். நரச்ச மீசையோட பெஞ்சுல உக்காந்து பாடம் கேக்க வைக்கான், மருமவனே. என்ன அக்கிரமம்!

அங்கயும் நம்ம சாதிக்காரன் இல்லாமலா இருப்பான்? கம்ப்யூட்டர்ல பாடத்த ஓடவிட்டுட்டு, மீன்பிடிக்கப் போறவனும் இருப்பான். ஆனா பாரு, தூங்கிக்கிட்டே கேட்டாக் கூட நாலு மணி நேரத்துல நாலு வரி காதுல விழுந்து தொலையும். அதுதான் ஆபத்து. காதுல விழுந்தா வேலைய மாத்தத் தோணும்.

அவங்களுக்கு அவசரத்துக்குக் காரணம் இருக்கு. அந்தக் கோடு 1897ல மொத மொத வந்துதாம்; இப்ப மூணு வருசத்துக்கு ஒருக்க திருத்திப் போடுதாங்க. நம்ம நாடு நிதானமான நாடுலா? வயரிங்குக்கு ஐ.எஸ். 732ன்னு ஒரு தரப் புத்தகம். 1989ல வந்த பதிப்ப 2019லதான் திருத்தினாங்க. எர்த்துக்கு ஐ.எஸ். 3043, அது 1987, அப்பறம் 2018. தேசிய மின் கோடு 1985, 2011, 2023. புத்தகமே முப்பது வருசம் தூங்கி எந்திரிக்கும்போது, வயர்மேன் எதுக்கு வெள்ளன முழிக்கணும்? இப்ப என்னடான்னா அந்தத் தரப் புத்தகங்களக் காசில்லாம போன்லயே எறக்கிக்கிடலாம்னு, அதப் போடுத பி.ஐ.எஸ்.காரன் தொறந்து விட்டிருக்கான். காசில்லாமக் கெடைக்கத எவன் படிப்பான்?

நீ படிக்காததும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. படிச்சிருந்தா கீழவீட்டு மதினிக்கு அன்னைக்கு அப்பிடி ஒரு ஒத்தாசை செஞ்சிருப்பியா?

அவ வீட்டுல அந்த ஆர்.சி.சி.பி. டப்பா சும்மா சும்மா விழுதுன்னு உன்னக் கூப்பிட்டா. வாசிங் மிசினு போட்டா விழும், மழ பேஞ்சா விழும். நீ போனே, டெஸ்டர வச்சுப் பாத்தே, சாண் நீளத்துல ரெண்டு வயர எடுத்தே, பல்லாலயே தோல உரிச்சே, உள்ள வந்த ரெண்டு கம்பியையும் வெளிய போற ரெண்டு கம்பியோடயும் நேரா இணைச்சே. டப்பா சொவத்துல அழகா இருந்துது, ஆனா நடுவுல இல்ல. மதினி சுவிட்சப் போட்டா, மிசினு ஓடுச்சு. "எந்தம்பி கைராசி"ன்னு அதிரசம் குடுத்தா. நானும் ரெண்டு தின்னேன், பொய் சொல்லக்கூடாது.

அந்த டப்பாவுக்கு என்ன சோலின்னு டெக்சாஸ் வகுப்புல உக்காந்திருந்தா சொல்லியிருப்பான். பேசுல எவ்வளவு போவுதோ அவ்வளவும் நியூட்ரல்ல திரும்பி வரணும். வழியில 30 மில்லி ஆம்பியர் கொறஞ்சாலும், எங்கயோ ஒழுகுது, ஒருவேள ஒரு மனுசன் ஒடம்பு வழியா மண்ணுக்குப் போவுதுன்னு எண்ணி, கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள அத்துவிடும். முப்பது மில்லின்னா எவ்வளவு? பழைய அறுவது வாட்டு குண்டு பல்பு எரிய அதப்போல எட்டு மடங்குக்கு மேல வேணும். அவ்வளவு துளியூண்டு. அந்த டப்பா சும்மா விழல மருமவனே, மிசினு ஒழுகுதுன்னு கத்துச்சு. நீ கத்துன வாயத் தச்சிட்டு வந்துட்டே. ஒழுக்கு அங்கயேதான் இருக்கு, ஈரத் தரையில மதினி வெறுங்காலோட நிக்கா.

போன மாசம் மேலத்தெரு வாத்தியார் வீட்டுல செஞ்சது இன்னும் நேர்த்தி. மூணு பின்னு பிளக்குல எர்த்துக் கால் மட்டும் ஏன் நீளமாவும் தடியாவும் இருக்குன்னு என்னைக்காவது யோசிச்சியா? செருகும்போது அது மொதல்ல தொடணும், உருவும்போது அது கடேசியா விடணும். அவ்வளவு மரியாத அந்தக் காலுக்கு. நீ என்ன செஞ்சே? எர்த்துக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, நியூட்ரல்லேர்ந்து ஒரு துண்டு எடுத்து எர்த்துல மாட்டிவிட்டுட்டே. டெஸ்டருல எரியல, வாத்தியார் கும்பிட்டாரு. எங்கயாவது அந்த நியூட்ரல் கம்பி அந்துச்சுன்னு வையி, பிரிட்ஜுக்குள்ள போன 230 வோல்ட்டு திரும்பிப் போக வழியில்லாம அந்தத் துண்டு வழியா பிரிட்ஜு தகரத்துக்கே வந்து நிக்கும். வாத்தியாரம்மா மோர் எடுக்கக் கதவத் தொடுவா.

நான் பயமுறுத்தலே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குப் படி 2021ல மட்டும் இந்த நாட்டுல மின்சாரம் தாக்கிச் செத்தவங்க 12,000 பேருக்கு மேல. அதுல எத்தன பேரு வீட்டுல வாடகைச் சர்ட்டிபிகேட்டு கையெழுத்துப் போட்டிருந்துது, எத்தன பேரு வீட்டுல தம்பி கைராசின்னு அதிரசம் குடுத்தாங்கங்கது அந்தக் கணக்குல வராது.

என்ன, மூஞ்சி ஒரு மாதிரி போவுது? சரி சரி. மொதல்ல எந்திரிச்சு மதினி வீட்டுக்குப் போயி அந்த ரெண்டு சாண் வயரையும் உருவிட்டு வா. மிசினத் தொறந்து எது ஒழுகுதுன்னு பாரு. ஹீட்டரு காயிலா இருக்கும், இல்ல எலி கடிச்ச வயரா இருக்கும். வாத்தியார் வீட்டுக்கு நாளைக்கு. அதுக்கு அவரு மறுபடி காசு குடுக்க மாட்டாரு, கேக்கவும் கேக்காதே. சர்ட்டிபிகேட்ட அதுக்குப் பொறவு புதுப்பி. அது காகிதம், பணம் கட்டினா வந்துரும்.

எனக்கும் ஒரு வேல கெடக்கு. கூரையில சோலார் போடலாம்னு இருக்கேன். 2024ல தில்லிக்காரன் ஆரம்பிச்சான்லா சூரிய வீடு திட்டம், மூணு கிலோவாட்டு போட்டா 78,000 ரூவா மானியம்ங்கான். வேலைக்கு ஆள் விசாரிச்சதுல ஒரு பய வந்தான். கூரையிலேர்ந்து வாற லைனுக்கு வீட்டுல போடுத சாதாரண எம்.சி.பி.யவே மாட்டிருதேன், எரநூறு ரூவா மிச்சம்னான். நான் காப்பி குடுத்து அனுப்பிட்டேன்.

ஏன் அனுப்பினேன்னு உனக்குத் தெரியுதா? நம்ம வீட்டுக் கரண்டு செகண்டுக்கு நூறு தடவ பூச்சியத்தத் தொட்டுட்டுப் போவுது, அதனால சுவிட்சப் பிரிக்கும்போது வாற பொறி தானா அணையும். கூரையிலேர்ந்து வாறது டி.சி. அது பூச்சியத்தப் பாக்கவே பாக்காது. எட்டுப் பேனலச் சேத்துக் கோத்தா 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். பொறி அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும், டப்பாவும் கூட எரியும். வெயிலு இருக்க மட்டும் அத நிறுத்த உங்கப்பன் வந்தாலும் முடியாது. இதெல்லாம் மூணாங்கிளாஸ் படிச்ச எனக்கு எப்பிடித் தெரியும்ங்கியா? அந்த ஹூஸ்டன்காரன் போன்ல சொன்னான். நாலு மணி நேரமெல்லாம் ஆவல, கால் மணி நேரந்தான்.

டி.சி.க்குன்னு தனியா பிரேக்கரு இருக்காம். அதுல பிளஸ், மைனஸ் மாத்திக் குடுத்தா என்ன ஆகும், ரெண்டு பக்கமும் குடுக்கத் தோதான ரகம் எது, இதையெல்லாம் வாற ஞாயித்துக்கிழம உன்கிட்ட கேப்பேன். சர்ட்டிபிகேட்டுல தேதியும் பாப்பேன். ரெண்டும் சரியா இருந்தா வேல உனக்கு. இல்லாட்டி அவனுக்குக் குடுத்தாப்ல உனக்கும் ஒரு காப்பி.